பிரான்ஸ் கடிதங்கள்: எதைப் பார்க்க, எதை விட?

இந்த முறை வந்த கடிதக் கட்டில் பிரான்ஸ்தான் அதிகம். விடுமுறைக்குத் திட்டம் போடும் குடும்பங்கள், மகள் அங்கே படிக்கிறாள் என்று கிளம்பும் பெற்றோர், புதுமணத் தம்பதிகள் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் சொன்னதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

திருச்சி வாசகர்: டிராவல் ஏஜென்ட் ஏழு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். பாரிஸ், மோன் சான் மிஷேல், ஸ்ட்ராஸ்பூர்க், ஷாமொனி, நீஸ். எல்லாம் முடியுமா?

முடியும். ரயில் பெட்டியை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவீர்கள். ஒரு வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். மோன் சான் மிஷேல் என்ற மடாலயத் தீவு வடமேற்குக் கடலோரம், ஸ்ட்ராஸ்பூர்க் ஜெர்மன் எல்லை, ஷாமொனி தென்கிழக்கு மலை, நீஸ் அதற்கும் தெற்கே மத்தியதரைக் கடல். டிஜிவி ரயில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்தான், ஆனால் பாரிஸிலிருந்து நீஸ் போக ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும், ஏனென்றால் மார்செய் வரைக்கும்தான் அதிவேகப் பாதை, அதற்கப்புறம் பழைய தண்டவாளத்தில் கடலை ஒட்டி வளைந்து வளைந்து போக வேண்டும். ஷாமொனிக்கு ரயில் மாறி மாறிப் போகணும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்தால் ஏழில் எத்தனை மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

என் யோசனை: பாரிஸுக்கு நாலு நாள், வெர்சாய் அரண்மனை அதிலேயே அடக்கம். மீதி மூன்று நாளுக்கு ஒரே ஒரு திசை. அந்தத் திசையை ஆசையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், மாதத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் என்றால் ஸ்ட்ராஸ்பூர்க், அங்கே கிறிஸ்துமஸ் சந்தை 1570 முதல் நடக்கிறது, பாரிஸிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம்தான். ஜூலை தொடக்கம் என்றால் லாவண்டர் பூக்கும் புரோவான்ஸ். மே, செப்டம்பர் என்றால் லுவார் ஆற்றுப் பக்கத்துக் கோட்டைகளோ மோன் சான் மிஷேலோ. நீஸ் கடற்கரையைப் பற்றி ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார், அது மணல் இல்லை, கூழாங்கல். மெரினாவை நினைத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினால் கஷ்டம்.

கோவை வாசகி: ஈஃபில் கோபுரத்தின் உச்சி வரை ஏறியே ஆக வேண்டுமா? டிக்கெட் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

ஏற வேண்டியதில்லை. கோபுரத்தின் மேலே நின்று பாரிஸைப் பார்த்தால் பாரிஸ் முழுக்கத் தெரியும், ஈஃபில் கோபுரம் ஒன்றுதான் தெரியாது. நகரத்தையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்க் து த்ரியோம்ஃப் எனப்படும் வெற்றி வளைவின் மொட்டை மாடிக்குப் போங்கள். 284 படி, 50 மீட்டர் உயரம், கீழே பன்னிரண்டு சாலைகள் ஒரே வட்டத்தில் வந்து சேர்வது தெரியும், கோபுரமும் எதிரிலேயே நிற்கும். நெப்போலியன் 1806-இல் கட்டச் சொன்னது, முடிந்தது 1836-இல், அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு அங்கே பெயர் தெரியாத போர்வீரன் சமாதியில் சுடரைத் தூண்டிவிடும் சடங்கு நடக்கும். 1923-இலிருந்து தினமும் நடக்கிறது.

இல்லை, ஏறித்தான் தீருவேன் என்கிறீர்களா? லிஃப்ட் டிக்கெட் ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே இணையத்தில் விற்பனைக்கு வந்துவிடும், கோடைக்காலத்துக்கு உடனே தீர்ந்தும் போகும். அது கிடைக்காதவர்கள் படிக்கட்டு டிக்கெட்டைப் பாருங்கள், விலையும் குறைவு. இரண்டாம் தளம் வரை 674 படி. 116 மீட்டர் உயரம் வந்துவிடுவீர்கள். உண்மையில் காட்சிக்கு அந்த உயரமே நல்லது, 276 மீட்டரில் இருக்கும் மூன்றாம் தளத்தில் கட்டடங்கள் எல்லாம் பொடிப்பொடியாகிவிடுகின்றன. மேலும் படியில் ஏறுகிறவர்களுக்குத்தான் அந்த இரும்பு வேலை கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். மொத்தம் 18,038 இரும்புத் துண்டுகள், 25 லட்சம் ரிவெட், 1887-இல் வேலை தொடங்கி 1889 உலகக் கண்காட்சிக்கு முன்பே முடித்துவிட்டார்கள். இருபது வருஷம் இருக்கட்டும், அப்புறம் பிரித்துவிடலாம் என்றுதான் அனுமதி. அதைக் கட்டிய பொறியாளர் ஈஃபில் சாமர்த்தியசாலி, அங்கே காற்று ஆராய்ச்சி, வானிலை ஆராய்ச்சி என்று எதையாவது நடத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் கம்பியில்லாத் தந்திக்கு இதைவிட உயரமான கம்பம் வேறு எங்கே கிடைக்கும் என்று ராணுவமே சொல்லும்படி ஆகிவிட்டது, கோபுரம் பிழைத்தது.

பள்ளிப் பிள்ளைகள் கூட வந்தால் ஒன்று செய்யுங்கள். முதல் தளத்தின் விளிம்பைச் சுற்றி 72 விஞ்ஞானிகள், பொறியாளர்கள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். கீழே நின்றே படிக்கலாம். ஆம்பியர், கூலும், லவாய்சியே, ஃபூரியே என்று பாடப்புத்தகத்தில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் ஐந்து நிமிஷம் விளக்குகள் மின்னும், அதற்குக் காசு இல்லை, டிக்கெட் இல்லை, ஆற்றங்கரையில் உட்கார இடம் பிடித்தால் போதும்.

வேலூர் வாசகர்: லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதாதா? மோனா லிசாவை மட்டும் பார்த்தால் எனக்குப் போதும்.

அப்படியென்றால் போகாதீர்கள். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். மோனா லிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறாள், முன்னால் நூற்றுக்கணக்கான செல்போன்கள். உங்கள் முறை வரும்போது காவலர் நகரச் சொல்லிவிடுவார். இதற்காக, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் நமக்கு 2026 ஜனவரி முதல் 32 யூரோ கட்டணம்.

அந்தக் காசுக்கு மதிப்பு வேண்டுமென்றால் மோனா லிசாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். எதிர்ச் சுவரில் வெரோனேஸே வரைந்த கானா ஊர்க் கல்யாண விருந்து, ஏறக்குறைய பத்து மீட்டர் அகலம், அந்த அருங்காட்சியகத்திலேயே பெரிய ஓவியம். 1797-இல் நெப்போலியனின் படைகள் வெனிஸ் மடத்தின் சுவரிலிருந்து எடுத்து வந்தது. அதன் முன் கூட்டமே இருக்காது. அப்புறம் மெசபடோமியப் பகுதிக்குப் போங்கள். மனிதத் தலையும் சிறகும் உள்ள அசீரியக் காளைகள், பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டங்கள் பொறித்த கருங்கல் தூண். நாலாயிரம் வருஷத்தை நெருங்கும் சட்டப் புத்தகம் அது, கல்லில் எழுத்து பொடியாக அப்படியே இருக்கிறது. அடித்தளத்தில் இன்னொரு சங்கதி: லூவ்ர் முதலில் அரண்மனைகூட இல்லை, 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மன்னர் ஃபிலிப் ஒகுஸ்த் கட்டிய காவல் கோட்டை. அதன் அகழியும் மதிலும் கீழே இருக்கின்றன, நடந்தே சுற்றலாம்.

மூன்று மணி நேரம், மூன்று பகுதிகள், அதற்கு மேல் யாருக்கும் கண் வேலை செய்யாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை இரவு வரை திறந்திருக்கும், அன்று மாலை போவது புத்திசாலித்தனம். 2025 அக்டோபரில் அங்கே பட்டப்பகலில் அரச நகைகளைத் திருடிக்கொண்டு போனார்களே, அந்த அறையைப் பார்க்க முடியுமா என்று வேறு ஒருவர் கேட்டிருக்கிறார். திருட்டு நடந்த இடத்தைப் பார்க்கும் ஆர்வம் பழசுதான். 1911-இல் மோனா லிசா திருட்டுப் போனபோது வெறும் சுவரைப் பார்க்கக் கூட்டம் வரிசையில் நின்றது.

சென்னை வாசகி: நோத்ரு தாம் தேவாலயம் தீப்பிடித்ததே, இப்போது திறந்துவிட்டார்களா? ஓர் இணையதளத்தில் நுழைவுச்சீட்டு என்று ஆளுக்கு 25 யூரோ கேட்கிறார்கள்.

திறந்தாகிவிட்டது, அந்த 25 யூரோவைக் கட்டாதீர்கள். தேவாலயத்துக்குள் போக எப்போதும் இலவசம். முன்பதிவும் இலவசம், அதுவும் தேவாலயத்தின் சொந்த இணையதளத்தில் ஓரிரு நாள் முன்புதான் திறக்கும். பதிவில்லாமல் வரிசையில் நின்றும் போகலாம், வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும். மணிக்கூண்டுக் கோபுரங்களில் ஏறுவதற்கு மட்டும்தான் கட்டணம், அதற்கும் 424 படி.

2019 ஏப்ரல் 15 மாலை பிடித்த தீயில் ஓக் மரக் கூரையும், 96 மீட்டர் ஊசிக் கோபுரமும் போய்விட்டன. 2024 டிசம்பரில் திறந்தார்கள். கூரைச் சட்டங்களைப் பழைய முறைப்படி கோடரியால் செதுக்கியே செய்திருக்கிறார்கள். உள்ளே போனதும் திகைக்க வைப்பது வெளிச்சம். நூற்றாண்டுப் புகை, மெழுகுக் கறை எல்லாம் கழுவிப் போய்க் கல் வெளிர் நிறத்துக்கு வந்துவிட்டது. முன்பு பார்த்தவர்கள் சிலருக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது என்று குறை. எனக்கு இந்த வெளிச்சம்தான் பிடிக்கிறது, 1163-இல் தொடங்கிக் கட்டியவர்கள் இருட்டாக இருக்கட்டும் என்று நினைத்தா கட்டியிருப்பார்கள்?

அங்கிருந்து ஐந்து நிமிஷ நடையில் சான்த் ஷபெல். இதைத் தவறவிடாதீர்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சிக்கூடச் சொல்வேன். ஒன்பதாம் லூயி கட்டிய சிறு தேவாலயம், 1248-இல் அர்ப்பணித்தது. மாடியில் சுவர் என்பதே பெயருக்குத்தான், பதினைந்து உயரமான வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட கதைக் காட்சிகள். வெயில் அடிக்கும் நாளில் போக வேண்டும், மேகமூட்டமாக இருந்தால் அடுத்த நாளைக்குத் தள்ளிப் போடலாம், ஆனால் டிக்கெட்டுக்கு நேரம் குறித்திருப்பதால் வானிலை பார்த்து முந்தின நாள்தான் வாங்க வேண்டியிருக்கும், அதில் ஒரு சூதாட்டம் உண்டு. நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் விமான நிலையம் மாதிரி சோதனை. கைப்பையில் கத்தரிக்கோல், சிறு கத்தி இருந்தால் விடுதியில் வைத்துவிட்டுப் போங்கள்.

நாகர்கோவில் வாசகர்: பாரிஸில் ஜேப்படித் திருடர்கள் அதிகமாமே?

உண்டு. மெட்ரோவில் கதவு மூடும் நேரம், சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டு, ஈஃபில் அடிவாரம். மனுவில் கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுகிறவர், கையில் நூல் கட்ட வருகிறவர், தரையிலிருந்து மோதிரம் எடுத்து 'உங்களுடையதா' என்கிறவர், மூவரிடமும் நிற்காமல் நடங்கள். பாஸ்போர்ட்டைப் பின்பாக்கெட்டில் வைக்கிற பழக்கம் இருந்தால் எங்கே போனாலும் பிரச்சினைதான்.

மைசூரில் வாழும் தமிழ் வாசகர்: வெர்சாய் அரண்மனை பார்த்தால் அரை நாள் வீணாகும் என்று நண்பர் சொல்கிறார்.

மைசூரிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்குத்தான் அங்கே சொந்தக் கதையே இருக்கிறது. திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு மூன்று தூதர்களை பிரான்ஸுக்கு அனுப்பினார். 1788 ஆகஸ்ட் 10 அன்று பதினாறாம் லூயி அவர்களை இதே வெர்சாயில் கொலு மண்டபத்தில் வரவேற்றார். விருந்து, மரியாதை எல்லாம் பலமாக நடந்தது, படை மட்டும் வரவில்லை. கொடுக்கும் நிலையில் கஜானா இல்லை. அடுத்த வருஷம் அக்டோபரில் பாரிஸ் கூட்டம் வந்து அரசரையே அங்கிருந்து கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அந்த அறைகளில் நடக்கும்போது இதை மனசில் வைத்துக்கொண்டால் தங்க முலாம் வேறு மாதிரி தெரியும்.

அரை நாள் போதாது என்பதுதான் என் கட்சி. கண்ணாடி மண்டபம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் வீண் என்று சொல்கிறார்கள். 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள், 1919-இல் முதல் உலகப் போரின் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான இடம், எல்லாம் சரி, ஆனால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நகர வேண்டும். மூச்சுவிட இடம் வெளியே தோட்டத்தில் இருக்கிறது. லெ நோத்ரு வடிவமைத்தது, கால்வாயில் படகு ஓட்டலாம், வாடகை சைக்கிள் உண்டு. தொலைவில் அரசி மரி ஆன்துவானெத் தனக்காகக் கட்டிக்கொண்ட விளையாட்டுக் கிராமம் இருக்கிறது, கூரை வீடு, குளம், கோழி எல்லாம் உண்டு.

திங்கள் விடுமுறை. செவ்வாய் போகாதீர்கள், அன்று லூவ்ர் மூடியிருப்பதால் அத்தனை பேரும் இங்கேதான். ஆர்ஈஆர் சி என்ற புறநகர் ரயிலில் வெர்சாய் ஷத்தோ நிறுத்தத்தில் இறங்க வேண்டும். 2025 தொடக்கம் முதல் பாரிஸ் வட்டாரம் முழுக்க ரயிலுக்கு ஒரே விலை டிக்கெட், இரண்டரை யூரோவை ஒட்டித்தான் வரும். முன்பு வெர்சாய்க்குத் தனி விலை இருந்தது, பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் குழம்பாதீர்கள். விமான நிலைய ரயிலுக்கு மட்டும் தனி டிக்கெட், அது பல மடங்கு.

தஞ்சாவூர் வாசகி: அம்மாவுக்கு முழங்கால் வலி. மோன் சான் மிஷேல் கூட்டிப் போகலாமா? அங்கே கடல் ஏறி வந்து வழியை மூடிவிடும் என்கிறார்களே, அது இன்னும் உண்டா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் சுவாரசியம். அந்த விரிகுடாவில் ஓதத்துக்கும் வற்றுக்கும் நடுவே நீர்மட்டம் 14 மீட்டர் வரைக்கும் மாறும், ஐரோப்பாவிலேயே பெரிய ஏற்ற இறக்கங்களில் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் கரையிலிருந்து மண்மேட்டுச் சாலை போட்டார்கள், அது தண்ணீரின் போக்கைத் தடுத்து மண்ணைச் சேர்த்தது, தீவு மெல்ல மெல்லக் கரையோடு ஒட்ட ஆரம்பித்தது. அதனால் அந்தச் சாலையை எடுத்துவிட்டு 2014-இல் தண்ணீர் கீழே ஓடும்படி தூண்களின் மேல் பாலம் கட்டினார்கள். இப்போது மிகப் பெரிய ஓதம் வரும் நாட்களில் கொஞ்ச நேரம் அது மறுபடி முழுத் தீவாகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி இது அமையும். ஓத அட்டவணை முன்கூட்டியே வெளியாகிவிடும், அதைப் பார்த்துத்தான் தேதி வைக்க வேண்டும், ஹோட்டல் தள்ளுபடியைப் பார்த்து வைக்கக் கூடாது. கடல் வற்றியிருக்கும்போது மணலில் நடக்க ஆசை வந்தால் வழிகாட்டியோடு மட்டும் போங்கள், புதைமணல் உண்டு, தண்ணீர் திரும்பும் வேகமும் விளையாட்டில்லை.

அம்மா விஷயம். மடாலயம் பாறை உச்சியில். சுமார் 350 படி, அதற்குக் கீழே ஏற்றமான கல் தெரு, தெருவில் கூட்டம். உச்சி வரை வேண்டாம். ஆனால் கூட்டிப் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கார் நிறுத்துமிடத்திலிருந்து தீவு வாசல் அருகே வரை இலவசப் பேருந்து ஓடுகிறது. எதிர்க் கரையில் அறை எடுத்து ஓர் இரவு தங்குங்கள். பாலத்தின் மேல் நின்று பார்க்கிற காட்சிக்கு முழங்கால் தேவையில்லை. பகலில் வந்த கூட்டம் மாலை ஆறு மணிக்கு மேல் பேருந்தேறிப் போய்விடும், அதற்கப்புறம்தான் அந்த ஊர் ஊராக இருக்கும். பாரிஸிலிருந்து ரென் வரை ரயில் ஒன்றரை மணி, பிறகு பேருந்தில் ஒரு மணிக்கு மேல். ஒரே நாளில் போய்த் திரும்பும் பேக்கேஜ்கள் உண்டு, அம்மாவை அதில் ஏற்றாதீர்கள்.

நீங்கள் மட்டும் உச்சிக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். நூறாண்டுப் போரில் ஆங்கிலேயரால் பிடிக்கவே முடியாத இந்த மடத்தை, புரட்சிக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களே சிறைச்சாலை ஆக்கிவிட்டார்கள், 1863 வரைக்கும். மேலே சாமான் ஏற்றுவதற்குக் கைதிகள் உள்ளே நின்று மிதித்துச் சுற்றும் பெரிய மரச்சக்கரம் வைத்திருந்தார்கள். சக்கரம் இன்னும் அங்கே இருக்கிறது.

முழங்கால் வலிக்காரர்களுக்கு இன்னும் சில: கொல்மார் ஊர் முழுக்கச் சமதளம், மரச்சட்ட வீடுகள், வாய்க்கால் படகு. பாரிஸில் சேன் ஆற்றுப் படகு. மோன்மார்த்ரு குன்றுக்கு மெட்ரோ டிக்கெட்டிலேயே ஏறும் இழுவை ரயில் இருக்கிறது.

ஈரோடு வாசகர்: ஆகஸ்ட் கடைசியில் போகிறோம். லாவண்டர் வயலில் மனைவியைப் படம் எடுக்க வேண்டும்.

அறுத்து முடித்திருப்பார்கள். வலன்சோல் மேட்டுநிலத்தில் ஜூன் கடைசி முதல் ஜூலை நடு வரைதான். உயரமான சோ ஊர்ப் பக்கம் கொஞ்சம் தாமதமாகும், அதுவும் ஆகஸ்ட் கடைசி வரை தாங்காது. வருத்தப்படாமல் பக்கத்திலிருக்கும் வெர்தோன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். 700 மீட்டர் வரை ஆழமான சுண்ணாம்புப் பாறைப் பிளவு, அடியில் பச்சை கலந்த நீல நிறத்தில் ஆறு, அது போய்ச் சேரும் சான்த் குருவா ஏரியில் மிதிபடகு வாடகைக்கு எடுத்துப் பள்ளத்தாக்கின் வாய்க்குள்ளேயே போகலாம். ஏரி இயற்கையானதில்லை, 1970-களில் அணை கட்டி உண்டானது, ஒரு கிராமமே அடியில் இருக்கிறது. பொதுப் பேருந்து குறைவு, கார் வேண்டும். பள்ளத்தாக்கின் விளிம்புச் சாலையில் ஓட்டுகிறவருக்குக் காட்சி கிடைக்காது, ஓட்டுநர் யார் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சேலம் வாசகி: எட்டு வயதும் பதினொரு வயதும். அருங்காட்சியகம் என்றாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். இவர்களுக்கு பிரான்ஸில் என்ன இருக்கிறது?

நிறைய. போர்தோ அருகே பிலா மணல்மேடு, சுமார் நூறு மீட்டர் உயரம், ஐரோப்பாவிலேயே உயர்ந்தது. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் பைன் காடு, மேடு வருஷா வருஷம் சில மீட்டர் உள்ளே நகர்ந்து காட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. கோடையில் படிக்கட்டு வைப்பார்கள், இறங்கும்போது யாரும் படியைத் தேட மாட்டார்கள். நாந்த் நகரில் பழைய கப்பல் கட்டும் தளத்தில் பன்னிரண்டு மீட்டர் உயர மரமும் இரும்புமான எந்திர யானை, முதுகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நடக்கும், தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும்.

மூன்றாவதாக லாஸ்கோ. 1940-இல் பதின்வயதுப் பையன்கள் கண்டுபிடித்த குகை, உள்ளே பதினேழாயிரம் வருஷத்துக்கு முந்தைய காளைகள், குதிரைகள், மான்கள். பார்க்க வந்தவர்களின் மூச்சுக் காற்றாலேயே சுவரில் பாசி படர்ந்ததால் 1963-இல் அசலை மூடிவிட்டார்கள். இப்போது காட்டுவது 2016-இல் திறந்த பிரதி. பிரதிதானே என்று உதடு பிதுக்காதீர்கள். பாறையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அப்படியே எடுத்திருக்கிறார்கள், பாறையின் புடைப்பைக் காளையின் வயிறாக்கிய தந்திரம் எல்லாம் தெரியும், உள்ளே குளிரும் இருட்டும்கூட உண்டு. முகத்தைத் தூக்கும் பிள்ளைகளுக்கு இது அருங்காட்சியகம் என்றே தெரியப் போவதில்லை.

புதுக்கோட்டை வாசகர்: ஆல்ப்ஸ் பனியைத் தொட வேண்டும். ஏற்றம் எல்லாம் முடியாது.

ஷாமொனி ஊரிலிருந்து எகுய் து மிதி கேபிள் கார். ஊர் 1,035 மீட்டரில், உச்சி மாடம் 3,842 மீட்டரில், இரண்டு கட்டமாக இருபது நிமிஷத்துக்குள் மேலே போய்விடலாம். எதிரில் மோன் பிளாங். அதன் உயரம் 2023 அளவீட்டில் 4,805.59 மீட்டர், உச்சியில் இருப்பது பனித்தொப்பி என்பதால் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் மாறும். இவ்வளவு வேகமாக ஏறுவதால் தலை சுற்றும், மெதுவாக நடங்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம், கைக்குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. ஜூலையிலும் மேலே உறைகுளிர் இருக்கும். காலையில் கிளம்பும் முதல் கேபிள் காரிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் மேகம் வந்து மூடிக்கொள்ளும். ஊரில் இரண்டு இரவாவது தங்கினால்தான் ஒரு தெளிவான காலை கிடைக்கும் வாய்ப்பு.

அதே ஊரிலிருந்து சிவப்புப் பற்சக்கர ரயில் மேர் து கிளாஸ் பனியாற்றுக்குப் போகிறது. அங்கே எந்த ஆண்டு பனி எந்த உயரத்தில் இருந்தது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். 1990 பலகையில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் பனி எங்கேயோ பாதாளத்தில் கிடக்கிறது. அழகான இடம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் பார்க்க வேண்டிய இடம்.

திருநெல்வேலி வாசகர்: லுவார் கோட்டைகளில் எத்தனை பார்க்கலாம்?

இரண்டு. மூன்றாவதிலிருந்து கட்டில், கணப்பு, திரைச்சீலை எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். ஷெனோன்சோ கட்டாயம், அது ஷேர் ஆற்றின் மேலேயே பாலம் போலக் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் அந்த ஆறுதான் ஜெர்மன் ஆக்கிரமிப்புப் பகுதிக்கு எல்லை, கோட்டையின் முன்வாசல் ஆக்கிரமிப்பில், நீண்ட கூடத்தின் மறுகோடிக் கதவு திறந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம். மற்றொன்று ஷாம்போர், ஒன்றையொன்று சந்திக்காமல் சுற்றிக்கொண்டு ஏறும் இரட்டைப் படிக்கட்டுக்காக. நேரம் மிஞ்சினால் அம்புவாஸில் லியோனார்தோ டா வின்சி கடைசி மூன்று வருஷம் வாழ்ந்து 1519-இல் இறந்த வீடு.

புதுச்சேரி வாசகி: தமிழர்கள் பார்க்க வேண்டியது என்று தனியாக ஏதாவது?

மூன்று சொல்கிறேன். பாரிஸில் கீமே அருங்காட்சியகம், ஆசியக் கலைக்கானது. அங்கே சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி இருக்கிறது. ஈஃபிலிலிருந்து ஆற்றைத் தாண்டி நடந்தே போகலாம், கூட்டமே இருக்காது. கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் வயிற்றெரிச்சலுமாக நின்று பார்ப்பீர்கள்.

அடுத்தது கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷபெல். ஈழத்தமிழர்கள் வந்து உருவாக்கிய கடைத்தெரு, கொத்து ரொட்டி, கறிவேப்பிலை, நகைக்கடை, புடவைக்கடை எல்லாம் அங்கே. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் தேர்த்திருவிழா, பாரிஸ் தெருவில் தேர் வரும், தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள். அந்தத் தேதியில் பாரிஸில் இருந்தால் லூவ்ரை அடுத்த நாளைக்குத் தள்ளுங்கள்.

மூன்றாவது யாரும் போகாத இடம். வடக்கே லீல் நகரத்துக்குத் தென்மேற்கில் நெவ் ஷபெல். 1915 மார்ச்சில் அங்கே நடந்த சண்டையில் இந்தியப் படையினர் ஏராளமாக மாண்டார்கள். 1927-இல் நினைவிடம் எழுப்பினார்கள், முதல் உலகப் போரில் மேற்கு முனையில் இறந்து, கல்லறையும் தெரியாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் வட்டச் சுவரில் இருக்கின்றன. சுற்றிலும் வயல். யாரோ ஒரு கிராமத்திலிருந்து கப்பலேறி வந்து, தெரியாத குளிரில், தெரியாதவர்களின் சண்டையில் இறந்தவர்கள். இதைச் சுற்றுலா இடம் என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்லிவிட்டுப் போகிறேன், ஒரு பத்துப் பேராவது போகட்டும்.

கரூர் வாசகர்: சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். பாரிஸில் மாரே பகுதியில் ஃபலாஃபல், எல்லா ஊரிலும் சீஸ் போட்ட கிரேப் எனும் மெல்லிய தோசை, எந்த பேக்கரியிலும் ரொட்டி, மேலே சொன்ன லா ஷபெல்லில் இட்லியே கிடைக்கும். கிராமப்புறத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், பன்னிரண்டரைக்கே உட்காருங்கள். குழாய்த் தண்ணீர் ஜாடியில் கேட்டால் இலவசம், கேட்காவிட்டால் பாட்டில் வந்து பில்லில் ஏறும்.

கும்பகோணம் வாசகர்: என் கேள்வி எளிது. கோபுரம், அரண்மனை, ஓவியம் எதுவும் வேண்டாம். நான் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர். எனக்கு ஒரே ஓர் இடம் சொல்லுங்கள்.

போன் து கார். தெற்கே நீம் நகருக்கு அருகில். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டிய நீர்ப்பாலம், மூன்று அடுக்கு வளைவுகள், சுமார் 49 மீட்டர் உயரம், வளைவுகளின் பெரும்பகுதி சாந்தில்லாமல் கல்லைக் கல் தாங்கி நிற்பது. கல்லணையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குப் பழமை பெரிதாகத் தெரியாமல் போகலாம், ஆனால் கணக்கைக் கேளுங்கள்: யூஸேஸ் ஊற்றிலிருந்து நீம் வரை கால்வாய் நீளம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அத்தனை தூரத்துக்கும் மொத்தச் சரிவு சுமார் 12 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு ஒரு சாண் அளவு. லேசர் மட்டம் இல்லாமல், மலையைச் சுற்றிக்கொண்டு, இந்த ஆற்றுப் பள்ளத்தையும் தாண்டி, பம்பு ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கல்லிலேயே நீட்டிக்கொண்டிருக்கும் முண்டுகளை உற்றுப் பாருங்கள், சாரம் தாங்குவதற்காக விட்டவை, வேலை முடிந்ததும் செதுக்கி எடுக்காமல் விட்டுவிட்டார்கள். பராமரிப்பு குறைந்த காலத்தில் கால்வாயின் உட்சுவரில் படிந்த சுண்ணாம்புப் படலமும் மேலே அப்படியே இருக்கிறது, வழிகாட்டியோடு மேல் அடுக்குக்குப் போனால் அதைக் கையால் தொட்டே பார்க்கலாம்.

நீமிலிருந்தும் அவிஞோனிலிருந்தும் பேருந்து உண்டு. கோடையில் பாலத்தடி ஆற்றில் குளிக்க விடுகிறார்கள், துண்டும் மாற்றுடையும் எடுத்துச் செல்லுங்கள்.